தவளக்குப்பம் பக்கம் பழைய ஓட்டல் சாமான் கடை: போவதற்கு முன் படித்துவிட்டுப் போங்கள்

டிபன் கடையோ டீக்கடையோ ஜூஸ் கடையோ, எது போடுவதாக இருந்தாலும் புதுச் சாமானுக்குச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போன் போடுவதற்கு முன்னால், கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் தவளக்குப்பம் தாண்டி இருக்கும் இந்தப் பழைய ஓட்டல் சாமான் கடையை ஒரு நடை பார்த்துவிடுங்கள். என் தங்கை கடலூர் செம்மண்டலத்தில் போட்டிருக்கும் டிபன் கடைக்கு முக்கால்வாசிச் சாமான் இங்கேதான் எடுத்தோம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த அந்த ஒன்று ஃப்ரீசருக்காக, அந்தக் கதை பின்னால் வருகிறது. கடையின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. உரிமையாளர் அண்ணனிடம் எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க தம்பி, பேரு மட்டும் வேணாம், இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு விக்க வர்றவங்க, பாவம் அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்றார். தவளக்குப்பம் சந்திப்பில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

முன்பக்கம் பார்த்தால் சாதாரண ஃபர்னிச்சர் கடைதான். நாற்காலி, கிரானைட் ஒட்டிய மேசை, கல்லா மேசை, கண்ணாடி ஷோகேஸ். பின்னால் தகர ஷெட்டுக்குள் நுழைந்ததும் விஷயமே வேறு. செம்பு பாய்லர்கள் ஒரு மூலையில், கிரைண்டர்கள் ஒரு பக்கம், இட்லி குக்கர், மூன்றடி நான்கடி தோசைக்கல்லோடு அடுப்பு, டீப் ஃப்ரீசர், ஐஸ்கிரீம் ஃப்ரீசர், பானிபூரி வண்டி, சமையலறை சிங்க், பில் போடும் மெஷின் வரைக்கும் கிடக்கிறது. பாதிச் சாமானில் பழைய கடையின் ஸ்டிக்கர் இன்னும் கிழிக்கப்படாமல் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் மனசு கஷ்டமாக இருந்தது, தங்கைக்கு அப்படி ஒன்றும் இல்லை, அவள் நேராக கிரைண்டர் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

இந்த ஷெட்டைச் சுற்றி வந்தாலே இந்த வட்டாரத்தில் எந்தத் தொழில் ஓடுகிறது, எது நின்றது என்று ஓரளவு தெரிந்துவிடும். நாங்கள் போனபோது ஷவர்மா மெஷின்கள் மட்டும் ஒரு சுவர் நெடுக நின்றன. அண்ணன் காரணம் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்துபோனது, அதன் பிறகு ஊர் ஊராக நடந்த சோதனைகள், அப்புறம் 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு போட்ட ஓராண்டுத் தடை, இதெல்லாம் வரிசையாக வந்தால் தெருமுனைக் கடைக்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? வாஃபிள் மெஷின், மோமோ ஸ்டீமர், மொஹிட்டோவுக்கான பாட்டில் ஸ்டாண்டு இவையும் நிறைய இருக்கின்றன, புதிது மாதிரியே. கிரைண்டர் மட்டும் வந்த வேகத்தில் போய்விடுகிறதாம். "மாவு ஆட்றவன் கடைய அவ்ளோ சீக்கிரம் மூட மாட்டான் தம்பி" என்றார். இவர் முன்பு ஓட்டலில் மாஸ்டராக இருந்தவர், அதனால் கிரைண்டர் மேல் பாசம் கொஞ்சம் அதிகம், அதையும் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். விற்க வரும் சாமானில் பெரும்பகுதி புதுச்சேரி நகரத்துக்குள்ளிருந்து வருகிறது, வாங்கிப் போகிறவர்கள் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி ஆட்கள். சனி ஞாயிறு கூட்டத்தை நம்பி பீச் பக்கம் காபி ஷாப் போடுகிறவர்களுக்கு வாரத்தில் மற்ற ஐந்து நாள் வாடகையும் சேர்ந்தே ஓடுகிறது. அவர்கள் நல்ல சாமானாகவே வாங்கியிருப்பார்கள், எஸ்பிரெசோ மெஷின்கூட ஒன்று பார்த்தேன், விலை கேட்கவே இல்லை. அந்தச் சமையலறை மேசையும் சிங்க்கும் அப்படியே எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டி வந்து நம் ஊரில் பரோட்டா போடும் மேசையாகிவிடுகிறது. நமக்கு லாபம்தான்.

சரி, சாமானுக்கு வருவோம். எங்களுக்கு வேண்டியது 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், மூன்றடி தோசைக்கல் அடுப்பு, இட்லி குக்கர், ஸ்டீல் மேசை, ஒரு ஃப்ரீசர். கிரைண்டரை அண்ணன் சும்மா ஓடவிட்டுக் காட்டவில்லை, ஊறவைத்த அரிசி போட்டு ஆட்டிக் காட்டினார். இது பெரிய விஷயம். காலி கிரைண்டர் எல்லாமே நன்றாகத்தான் ஓடும், சுமை ஏறினால்தான் பெல்ட் நழுவுகிறதா, மோட்டார் சூடாகிறதா என்று தெரியும். கல் தேய்ந்திருந்ததால் கொத்தித் தருவதாகச் சொன்னார், சொன்னபடி கொத்தியும் தந்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஸ்டீல் விஷயத்தில் இவரிடம் கற்றுக்கொண்டதை எழுதியே ஆகவேண்டும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று நம்மில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம். 304 என்ற நல்ல ரகத்தில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, அது உண்மை, ஆனால் விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. கல்லாவில் ஒரு சின்ன பாட்டிலில் சோதனைத் திரவம் வைத்திருக்கிறார். ஒரு சொட்டு விட்டால் 202 சிவந்துவிடும், 304 அப்படிச் சிவக்காது. உப்பும் புளியும் நாள் முழுக்கப் படும் சாம்பார் பாத்திரம், சிங்க் இதற்கெல்லாம் 304 பாருங்கள், மேசைக் காலுக்கு 202 போதும் என்று அவரே பிரித்துச் சொன்னார். விலை அதிகமானதையே நம் தலையில் கட்டாத கடைக்காரரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

வெள்ளத்தில் நின்ற சாமானைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது நகரமே தண்ணீரில் நின்றது, அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் புகுந்தது. அன்று மூழ்கிய ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் எங்கே போயிருக்கும்? கழுவி, பெயின்ட் அடித்து, யாராவது விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். இங்கே அப்படிப்பட்ட சாமான்களில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "தண்ணி நின்னது" என்று எழுதியே வைத்திருக்கிறார், விலையும் பாதிக்குக் கீழே. வேறு கடைகளில் வாங்கினால் ஃப்ரீசரின் அடித்தகட்டைத் திறந்து கம்ப்ரஸர் பக்கத்தில் சேறு படிந்த வரி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது இந்தக் கடையின் உண்மையான சிறப்புக்கு வருகிறேன். இங்கே வாங்கியதை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிய விலையில் பாதிக்கு எடுத்துக்கொள்கிறார்கள், பில்லிலேயே எழுதித் தருகிறார்கள். ஓராண்டுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. உடைந்திருந்தால் கிடையாது, ஃப்ரிட்ஜ் வகைக்கும் கிடையாது. அண்ணன் இதை ஆரம்பத்திலிருந்தே செய்யவில்லையாம். கொரோனாவுக்கு முன்னால் வந்தவர்கள் இது எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பார்களாம், அதன் பிறகு வருகிறவர்கள் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள் என்று முதலிலேயே கேட்கிறார்களாம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சரி எழுதியே வைத்துவிடுவோம் என்று வைத்தது. "இப்பல்லாம் கடை தொறக்கும்போதே மூடறதப் பத்தி யோசிக்கிறாங்க தம்பி, நம்பிக்கையே இல்ல, ஆனா தொறக்கறவங்க மட்டும் கூடிக்கிட்டே போறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

எனக்கும் அது ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சொல்வது கணக்கோடு ஒத்துப்போகிறது. கம்பெனியாகப் பதிவு செய்யாத சிறு தொழில்களை மத்திய அரசின் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் மாதிரி எடுத்துக் கணக்கிடுகிறது, விவசாயம் சேராது, கடை, சிறு உற்பத்தி, சேவை எல்லாம் சேரும். 2022-23-இல் நாடு முழுக்க 6.50 கோடி இருந்தது 2023-24-இல் 7.34 கோடி ஆகிவிட்டது. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 13 சதவீதம். ஆனால் அத்தனை கோடி இடத்திலும் சேர்த்து வேலை பார்ப்பவர்கள் 12.06 கோடிதான். வகுத்துப் பாருங்கள், ஒரு கடைக்கு இரண்டு பேர்கூட இல்லை. கல்லாவில் உட்காருவது, மாவு ஆட்டுவது, மேசை துடைப்பது எல்லாம் ஒரே ஆள், கூட ஒரு கை. எங்கள் கடையும் அந்தக் கணக்குத்தான், தங்கையும் உதவிக்கு ஓர் அக்காவும்.

எண்ணிக்கை ஏறுவதும் உரிமையாளர் மனசில் தெம்பு ஏறுவதும் ஒன்றாகவே நடக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அமெரிக்காவில் இதை இரண்டாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். புதுத் தொழிலுக்கு எத்தனை விண்ணப்பம் வந்தது என்று அவர்களின் சென்சஸ் துறை எண்ணுகிறது. சிறு தொழில் முதலாளிகளின் நம்பிக்கையை என்.எஃப்.ஐ.பி. என்ற அவர்களுடைய சங்கம் 1973-இலிருந்து கேட்டுக் கேட்டுக் குறியீடாகப் போடுகிறது. 2022 ஜனவரி தொடங்கி 2024 அக்டோபர் வரை 34 மாதம் அந்தக் குறியீடு அதன் ஐம்பதாண்டுச் சராசரியான 98-க்குக் கீழேயே கிடந்தது. அதே ஆண்டுகளில் விண்ணப்பங்கள் ஆண்டுக்கு 50 லட்சத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. அங்கேயும் பயந்துகொண்டேதான் திறந்திருக்கிறார்கள். இங்கே ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உற்பத்தி நிறுவனங்களிடம் நிலவரம் கேட்டு வெளியிடுகிறது, எங்கள் தெரு டீக்கடைக்கு யாரும் வந்து கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அண்ணன் அதை நம்பிக்கை இல்லாமை என்று சொல்வதை நான் முழுசாக ஏற்கவில்லை. என் தங்கையும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். கல்யாண நகையில் ஒரு பகுதியை அடகு வைத்துத் தொழில் தொடங்குகிறவள் அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? பாதி திரும்பி வரும் என்று தெரிந்ததும்தான் அவள் அட்வான்ஸ் கொடுக்கவே துணிந்தாள். வெளியேறும் வழி தெரிந்தால் உள்ளே வர ஆள் கூடும், அவ்வளவுதான் விஷயம். பயம் உள்ளவர்களும் கடை திறக்க முடிகிறது என்பதற்கு இந்த மாதிரி ஏற்பாடுகளும் ஒரு காரணம். அதற்காக, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உட்யம் பதிவு இத்தனை கோடி என்று பேப்பரில் வருவதைப் பார்த்து ஊரெல்லாம் தெம்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. 2020 ஜூலை முதல் உட்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும், புதுப்பிக்கும் வேலையும் கிடையாது. கடையை மூடுகிறவர்களில் எத்தனை பேர் ஞாபகமாக அதை ரத்து செய்யப் போகிறார்கள்? (உட்யம் எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள், அரசு தளத்தில் ஒரு ரூபாய் கட்டணம் இல்லை.)

மூடும்போது மறக்கக் கூடாதது ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அது. விற்க வருகிறவர்களிடம் அண்ணன் இதைக் கேட்டே அனுப்புகிறார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பதிவை ரத்து செய்யாமல் விட்டால் வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட்டாக வேண்டும், போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 வரை தாமதக் கட்டணம் ஏறும். ரத்து செய்த பிறகும் மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் ஒன்று போட வேண்டும். நொந்துபோய் கடையை மூடியவரிடம் இதைப் பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

எல்லை விவகாரம் ஒன்று இருக்கிறது, கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். கடை புதுச்சேரியில், நாம் தமிழ்நாட்டில். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய் தாண்டினால் வண்டியோடு இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும், எங்களுடையது தாண்டியது, கேட்காமலேயே அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். பழைய சாமான் வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம் என்று விதி இருக்கிறது, அதனால் பில் கேட்டால் மொத்த விலை மேல் 18 சதவீதம் ஏறும் என்று வேறு எங்காவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். இங்கே சொன்ன விலைதான் பில் விலை.

அப்புறம் தங்கை இட்லிப் பொடி, பருப்புப் பொடி போட்டு கன்னியக்கோயில் பக்கம் கடைகளுக்கும் கொடுக்கலாம் என்று திட்டம் வைத்திருந்தாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணனுடைய மகள், பி.காம் முடித்தவர் போலிருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு "அக்கா, அது வேற மாநிலம், சரக்கு எல்ல தாண்டுனா மொத ரூபாய்லேர்ந்தே ஜி.எஸ்.டி. நம்பர் வேணும்" என்று நிறுத்தினார். ஆமாம், தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், ஆனால் பாலத்தைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் இருக்கும் கடைக்குக் கொடுத்தால் கதை வேறு. புதுச்சேரிக்காரர்களுக்கு அவர்கள் ஊருக்குள்ளேயே சரக்குக்கும் 20 லட்சம்தான் வரம்பு. டிபன் கடைக்கு வந்தால் அது சேவைக் கணக்கு, அதனால் இரண்டு பக்கமும் 20 லட்சம். நாற்பது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஓட்டல்காரர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் உண்டு.

இனி ஃப்ரீசர். 300 லிட்டர் டீப் ஃப்ரீசர் ஒன்று, பார்க்கப் புதிது மாதிரி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினார்கள், குளிர்ச்சியும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம் காஸ் இறங்கிவிட்டது. ஒரு மாதம் கியாரண்டி எழுதித் தந்திருந்தார்கள், போன் போட்டால் நாளை ஆள் வருவார், நாளை மறுநாள் வருவார் என்று இழுத்து, மெக்கானிக் வந்து சேர்வதற்குள் வாங்கி வைத்த பட்டாணியும் பன்னீரும் வீணாகிவிட்டன. வந்தவர் கசிவை அடைத்து காஸ் நிரப்பிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை, இன்றுவரை ஓடுகிறது, அதெல்லாம் சரி. ஆனால் மெக்கானிக் இவர்களுடைய ஆள் இல்லை, அரியாங்குப்பத்தில் தனியாகக் கடை வைத்திருப்பவர், கடலூர் வரை வருவதென்றால் அவருக்கு இரண்டு மூன்று வேலை சேர்ந்தால்தான் வருகிறார். தினமும் பால், மாவு, கறி வைக்கிற தொழிலுக்கு இது சரிப்படாது. ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ் மட்டும் புதிதாக, உங்கள் ஊரிலேயே சர்வீஸ் உள்ள கம்பெனியில் வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

வங்கிக் கடனில் கடை போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். முத்ரா என்ற மத்திய அரசின் சிறு தொழில் கடனில் புதியவர்களுக்கு 10 லட்சம் வரை உண்டு என்று கேள்விப்பட்டு நாங்களும் போய்க் கேட்டோம், எங்கள் கிளையில் இயந்திரத்துக்குப் புதுச் சாமான் கொட்டேஷன்தான் கேட்டார்கள். பழையதை வாங்கினால் கைக்காசு, சீட்டுப் பணம், நகைக் கடன் என்றுதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பழைய சாமானில் மிச்சமானது அதிகம் என்பதால் முத்ரா கடன் வாங்கவில்லை. கிரைண்டர், அடுப்பு, இட்லி குக்கர், மேசை நான்கும் சேர்த்துப் புதிது வாங்கினால் ஆகும் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மிச்சப் பணத்தை மூன்று மாத வாடகைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாள். போர்டுக்கும் கலர் லைட்டுக்கும் எடுக்கலாம் என்று மச்சான் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், அவரை அண்ணனே ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் அடுக்கி வைத்திருந்த எல்.இ.டி. போர்டுகளைக் காட்டினார். மச்சான் அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

விற்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் இருந்தபோதே ஒருவர் ஜூஸ் கடைச் சாமானைக் கொண்டுவந்தார். பேரம் பேசும்போது மற்ற வாடிக்கையாளர்களை முன்பக்கம் அனுப்பிவிட்டு, உட்காரவைத்து டீ கொடுத்துத்தான் பேசினார்கள். விலை என்னவோ குறைவாகத்தான் கொடுத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை, அவசரத்தில் விற்பவருக்குப் பெரிய விலை இங்கே கிடைக்காது. பொறுமை இருந்தால் ஆன்லைனில் போட்டு நேராக விற்றுப் பாருங்கள், கிரைண்டருக்கும் தோசைக்கல்லுக்கும் ஆள் சீக்கிரம் கிடைக்கும்.

போகிறவர்கள் வார நாளில் காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எதையும் ஓடவிட்டுப் பார்க்க விடமாட்டார்கள், ஷெட்டில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. த்ரீ ஃபேஸ் இணைப்பும் இல்லை, பெரிய மெஷின் வாங்குகிறவர்கள் அதை யோசித்துக்கொள்ளுங்கள். வண்டி அவர்கள் ஏற்பாடு செய்தால் வாடகை அதிகம், கடலூரிலிருந்து நீங்களே ஒரு குட்டி யானை பேசிக்கொண்டு போவது மேல், இறக்க இரண்டு ஆளையும் கூடவே கூட்டிப்போங்கள், ஏற்றிவிடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஜிபே உண்டு, கார்டு கிடையாது. சோதனைத் திரவ பாட்டில் கேட்டால் ஒன்று விலைக்குத் தருகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.